மறதி நோய்க்கு ஹோம் தேடுகிறீர்களா? சாயங்காலம் ஐந்தரைக்குப் போய்ப் பாருங்கள்

ஹோம் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிவாக்கில் போகிறார்கள். அந்த நேரத்தில் எந்த ஹோமும் நன்றாகத்தான் இருக்கும். எல்லோரையும் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, ஹாலில் வரிசையாக உட்கார வைத்திருப்பார்கள். தரை துடைத்துக் காய்ந்திருக்கும். டிமென்ஷியா என்ற மறதி நோய் உள்ளவர்களும் டிபன் சாப்பிட்ட தெம்பில் ஓரளவு தெளிவாக, வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தபடி இருப்பார்கள். பார்த்துவிட்டு வந்து அட்வான்ஸ் கட்டிவிடுவோம்.

பொழுது சாய்ந்த பிறகுதான் இந்த நோயின் சுயரூபம் தெரியும். உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் குலைந்திருக்கும், பகல் முழுக்கச் சேர்ந்த களைப்பு இருக்கும், மங்கிய வெளிச்சத்தில் நிழல்கூட ஆள் மாதிரி தெரியும். 'ஊட்டுக்குப் போணும், புள்ளைங்க ஸ்கூல்லேர்ந்து வந்துரும்' என்று எழுபத்தெட்டு வயது அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பல இடங்களில் பகல் ஷிப்ட் கிளம்பி ராத்திரி ஷிப்ட் வருவதும் இதே நேரம்தான். நோயாளிக்கு ஆள் அதிகம் தேவைப்படும்போது ஹோமில் ஆள் குறைகிறது. அதனால் சாயங்காலம் ஐந்தரையிலிருந்து மறுநாள் காலை ஏழு வரை அந்த இடம் எப்படி இருக்கிறது என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மார்பிள் தரை, மீன் தொட்டி, வாசலில் பிள்ளையார் எல்லாம் பிறகு.

முதலில் ஒரு டாக்டர் சீட்டு

ஹோம் தேடுவதற்கு முன்னால், இது டிமென்ஷியாதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். திடீரென்று, நாலு நாளில் ஆள் மாறிவிட்டால் அது பெரும்பாலும் டிமென்ஷியா இல்லை. சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, புதிதாகச் சேர்த்த மாத்திரை என்று ஏதாவது ஒன்று காரணமாக இருக்கும். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, போன மாதம் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததில் தலைக்குள் கசிந்து தேங்கிய ரத்தம் இவையும் மறதி நோய் போலவே காட்டும். இவற்றுக்கெல்லாம் வைத்தியம் உண்டு. வைத்தியம் பார்க்க வேண்டியவரைக் கொண்டுபோய் ஹோமில் விட்டுவிட்டால் அங்கே யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், 'இப்படித்தான் இருப்பாங்க' என்று விட்டுவிடுவார்கள்.

வடசென்னையில் இருப்பவர்களுக்குப் பக்கத்தில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது. நரம்பியல், மனநலம் இரண்டு பிரிவும் அங்கே உண்டு. சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர் மருத்துவத்துக்குத் தனிப் பிரிவு உண்டு. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 2024 பிப்ரவரியில் தொடங்கிய தேசிய முதியோர் நல மையத்துக்கு விம்கோ நகரிலோ தண்டையார்பேட்டையிலோ மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமலே போய்விடலாம். இவை எதுவும் நிரந்தரமாகத் தங்கவைக்கும் இடமல்ல. என்ன வகை டிமென்ஷியா என்று எழுதி வாங்கிக்கொள்ளப் போகிறீர்கள், அவ்வளவுதான்.

வகை எதற்கு என்று கேட்கலாம். அல்சைமர் என்றால் சரிவு மெதுவாக வரும். ரத்தக்குழாய் அடைப்பால் வருவது மாடிப்படி மாதிரி, கொஞ்ச நாள் அப்படியே இருந்து திடீரென்று ஒரு படி இறங்கும். சர்க்கரையும் பிரஷரும் கட்டுக்குள் இருக்க வேண்டும், ஹோமில் அதற்கு ஒரு நர்ஸ் இருக்க வேண்டும். லூயி பாடி வகை என்றால் இல்லாத ஆட்கள், குழந்தைகள், பூனைகள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். இவர்களுக்கு ஆளை அடக்கப் போடும் ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்து ஒரு டோஸ் போட்டாலே உடம்பு இறுகி உயிருக்கே ஆபத்தாகலாம். ராத்திரி கத்துகிறார் என்று ஹோமில் ஊசி போடுவதற்குக் கையெடுக்கும் முன் இது ஃபைலின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் இருக்க வேண்டும்.

எந்தத் திசையில் தேடுவது

சென்னையில் டிமென்ஷியாவுக்கென்றே நடத்தும் ஹோம்கள் பெரும்பாலும் தெற்கே ஓ.எம்.ஆர்., ஈ.சி.ஆர்., தாம்பரம் பக்கம் குவிந்திருக்கின்றன. நம் வடசென்னைப் பக்கம் முதியோர் இல்லம் என்ற போர்டுகள் உண்டு, ஆனால் அவற்றில் பல 'தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்பவர்களுக்கு மட்டும்' என்று விண்ணப்பத்திலேயே போட்டிருக்கும். ஆரம்பத்தில் சேர்த்துக்கொண்டாலும், ராத்திரி எழுந்து நடக்க ஆரம்பித்ததும், படுக்கையில் போக ஆரம்பித்ததும் 'வந்து கூட்டிட்டுப் போங்க' என்று போன் வரும். அதனால் எங்கே போனாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: 'எந்த நிலைமை வந்தா நீங்க வச்சுக்க மாட்டீங்க?' ஒளிக்காமல் பதில் சொல்கிற இடம் பாதி தேறிவிட்டது. 'அதெல்லாம் ஒண்ணும் பிரச்னை இல்ல சார், பாத்துக்கலாம்' என்றால் எழுதிக் கேளுங்கள்.

தூரம் இந்த விஷயத்தில் மிக முக்கியம். வாரம் இரண்டு தடவையாவது யாராவது போய் வரக்கூடிய இடமாக இருக்க வேண்டும், அதுவும் சொல்லாமல் கொள்ளாமல். திருவொற்றியூர்க்காரருக்குக் கேளம்பாக்கத்தில் ஹோம் என்றால் முதல் மாதம் வாரா வாரம், மூன்றாவது மாதம் பதினைந்து நாளைக்கு ஒருமுறை, அப்புறம் தீபாவளிக்கு என்றாகிவிடும். மனசு இல்லாமல் அப்படி ஆவதில்லை, பஸ்ஸால் ஆவது. கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், எத்தனை வண்டி மாற வேண்டும் என்று பாருங்கள். மெட்ரோ நீல வழித்தடத்தில் ஆலந்தூர், மீனம்பாக்கம் வரை ஒரே வண்டி. பெரம்பூர், வியாசர்பாடி ஆட்களுக்கு அம்பத்தூர், ஆவடி பக்கம் மின்சார ரயில். எண்ணூர், திருவொற்றியூர் என்றால் மீஞ்சூர், பொன்னேரி வரைக்கும் கும்மிடிப்பூண்டி ரயில். கூகுள் மேப்பில் பக்கமாகத் தெரியும் மணலி, மாதவரம் சாலைகளில் கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நின்றால் ஆம்புலன்ஸும் அதற்குப் பின்னால்தான் நிற்கும். அதையும் கணக்கில் வையுங்கள்.

தண்ணீர் நிற்கும் இடமா என்றும் கேளுங்கள். '2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்ப என்ன பண்ணீங்க?' என்று ஒரே கேள்வி போதும். கீழ்த்தளத்தில் இருந்த படுக்கை நோயாளிகளை மேலே ஏற்றினார்களா, ஜெனரேட்டருக்கு எத்தனை மணி நேர டீசல் இருந்தது, பால், மாத்திரை, டயாப்பர் எத்தனை நாளைக்குக் கையிருப்பு வைத்திருந்தார்கள். நடந்ததைச் சொல்கிறவருக்கும் சமாளிக்கிறவருக்கும் வித்தியாசம் உடனே தெரிந்துவிடும்.

உள்ளே போனதும்

மூன்று தடவை போங்கள். ஒரு தடவை வேலை நாளில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஒரு தடவை சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஏழு வரை. மூன்றாவது தடவை சொல்லாமல். 'இந்த நேரத்துல பார்க்க முடியாது' என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினால், சேர்த்த பிறகும் அப்படித்தான்.

மூக்குதான் முதல் இன்ஸ்பெக்டர். லேசாக மூத்திர வாடை வருவது பெரிய குற்றமில்லை. இருபது பேர் இருக்கும் இடத்தில் எப்போதாவது வரும், துடைத்தால் போய்விடும். கண் எரியும் அளவுக்கு ஃபினாயில் வாடை வந்தால்தான் யோசிக்க வேண்டும். மெத்தைக்குள் ஊறிப்போனதை மறைக்கத்தான் அவ்வளவு ஊற்றுவார்கள்.

அப்புறம் அங்கே இருக்கும் பெரியவர்களின் கைகளைப் பாருங்கள். நகம் வெட்டியிருக்கிறதா, நகக்கண்ணில் அழுக்கு சேர்ந்திருக்கிறதா, மணிக்கட்டில் பட்டையாகத் தழும்பு இருக்கிறதா. தழும்பு இருந்தால் கட்டிப்போடுகிறார்கள். உதடு வெடித்து, நாக்கு காய்ந்து பாதிப் பேர் இருந்தால் தண்ணீர் கொடுப்பதில்லை. பாத்ரூம் வேலை குறையட்டும் என்று தண்ணீரைக் குறைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு, வடசென்னை வெயிலில் அது நேரே சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடும், அதிலிருந்து பிதற்றல், அதிலிருந்து ஆஸ்பத்திரி.

பாத்ரூமுக்குள் நீங்களே போய் வாருங்கள். தாழ்ப்பாள் உள்ளே இருந்து போட்டால் வெளியிலிருந்து திறக்க வேண்டும். கமோடுக்கு இரண்டு பக்கமும் பிடி வேண்டும்; சுவரில் திருகியதை உங்கள் முழு எடையும் போட்டு இழுத்துப் பாருங்கள், ஆடக்கூடாது. வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, வெள்ளைக் கமோடு என்றால் டிமென்ஷியா கண்ணுக்குக் கமோடு தெரியாது, மூலையில் போய்விடுவார்கள். சீட் மட்டும் நீலமோ சிவப்போ இருந்தால் பிரச்னை பாதி தீர்ந்தது. அதே கண்ணுக்குத் தரையில் கிடக்கும் கறுப்புக் கால்மிதி பள்ளமாகத் தெரியும், தாண்டப் போய் விழுவார்கள். கண்ணாடியில் தெரியும் ஆளை 'யாரோ கெழவி நம்ம ஊட்ல' என்று பயப்படுவார்கள். மூடிவைக்கத் துணி இருக்கிறதா? கட்டிலில் உட்கார்ந்தால் பாதம் இரண்டும் தரையில் முழுசாகப் பதிய வேண்டும், ஒன்றரை அடி உயரம் சரி. ஆஸ்பத்திரிக் கட்டில் மாதிரி உயரமாக இருந்தால் விழும்போது இடுப்பு எலும்புதான்.

நடக்க இடம் இருக்கிறதா? இந்த நோயில் நடை ஒரு தேவை, பூட்டிய ஒற்றை அறையில் அது கதவைத் தட்டலாக மாறும். நீளமான காரிடார், சுற்றி வர ஒரு மொட்டைமாடி, கைப்பிடியோடு இருந்தால் போதும். வாசல் பூட்டு இருக்கட்டும், ஆனால் சாவி யார் இடுப்பில் இருக்கிறது, தீப்பிடித்தால் ராத்திரி இரண்டு மணிக்கு அந்த ஆள் எங்கே தூங்குவார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ராத்திரிக் கணக்கு

'எத்தனை ஸ்டாஃப்?' என்று கேட்டால் சமையல்காரர், வாட்ச்மேன், டிரைவர் எல்லாரையும் கூட்டி ஒரு எண் சொல்வார்கள். 'நேத்து ராத்திரி பத்துலேர்ந்து காலைல ஆறு வரைக்கும் முழிச்சிருந்தவங்க எத்தனை பேர், அவங்க பேர் என்ன?' என்று கேளுங்கள். ட்யூட்டி ரிஜிஸ்டரைக் காட்டச் சொல்லுங்கள்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். ஹோமில் 20 பேர். அதில் 6 பேர் படுத்த படுக்கை. படுக்கைப்புண் வராமலிருக்க வழக்கமாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். கூடவே டயாப்பர் பார்க்க வேண்டும். ஒருவருக்கு 15 நிமிஷம் என்றால் ஒரு சுற்றுக்கு 90 நிமிஷம். ஒரே அட்டெண்டர் என்றால் ஒவ்வொரு இரண்டு மணி நேரத்திலும் மீதம் அரை மணிதான். அந்த அரை மணியில்தான் நடமாடும் 14 பேரில் பாத்ரூமுக்கு எழுந்தவர், அழுபவர், கதவைத் தட்டுபவர் எல்லாரும். அதோடு ஒரு கனமான உடம்பைத் தோல் உரசாமல் புரட்ட இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் இழுத்தால் இடுப்புக்குக் கீழே தோல் வழன்றுவிடும். ஆக ராத்திரிக்கு இரண்டு பேர் என்பது இந்த ஹோமுக்குக் குறைந்தபட்சம். ஒருவர்தான் என்றால் யாரோ புரட்டப்படாமல் கிடக்கிறார்கள், அல்லது எல்லோருக்கும் தூக்க மாத்திரை போகிறது. பகலில் ஐந்து பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்; அதற்கு மேல் போனால் ஊட்டிவிட நேரம் இருக்காது.

அட்டெண்டர்களிடம் தனியாக இரண்டு வார்த்தை பேசுங்கள். எவ்வளவு நாளாக இங்கே வேலை, எந்த ஊர், சம்பளத்தோடு சாப்பாடு உண்டா, லீவு உண்டா. மூன்று பேரில் மூன்று பேரும் வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது என்றால் அங்கே ஆள் நிற்பதில்லை. டிமென்ஷியாவில் பழகிய முகமும் மருந்து மாதிரிதான். வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து வேலை பார்க்கும் பெண்கள் பலர் பொறுமையில் நம்மவர்களை மிஞ்சுவார்கள், குறை சொல்வதற்கில்லை. ஆனால் ராத்திரி ஷிப்டில் தமிழ் தெரிந்தவர் ஒருவராவது வேண்டும். ராயபுரம், பெரம்பூரில் வீட்டில் தெலுங்கு பேசி வளர்ந்தவர்கள் நிறைய. வியாதி முற்றும்போது பிறகு கற்ற மொழி முதலில் போகும், தாய்மொழி மிஞ்சும். அம்பது வருஷம் தமிழில் கடை நடத்தியவர் கடைசியில் 'நீள்ளு, நீள்ளு' என்று கேட்டுக்கொண்டிருப்பார். தண்ணீர் கேட்கிறார் என்று யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட இருபது வார்த்தைகளைத் தமிழிலும் ஹிந்தியிலும் அர்த்தத்தோடு எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்கள்.

சாப்பாடு

மத்தியான விசிட்டில் இதைத்தான் பார்க்க வேண்டும். ஊட்டுகிறவர் உட்கார்ந்து ஊட்டுகிறாரா, நின்றுகொண்டு மேலிருந்து திணிக்கிறாரா? நின்று ஊட்டினால் சாப்பிடுபவர் தலையை அண்ணாந்து விழுங்குவார், சோறு மூச்சுக்குழாய்க்குள் போகும். முதுகு நேராக, முகவாய் லேசாகத் தாழ்ந்து, ஒரு வாய் உள்ளே போனது தெரிந்த பிறகுதான் அடுத்த வாய். சாப்பிட்டு முடித்ததும் அரை மணியாவது உட்கார்ந்திருக்க வேண்டும், உடனே படுக்கவைத்தால் நெஞ்சில் சளி. குடித்த பிறகு குரல் கரகரவென்று ஈரமாகக் கேட்டால் விழுங்குவதில் கோளாறு. இந்த நோயின் கடைசிக் கட்டத்தில் உயிரை எடுப்பது பெரும்பாலும் இப்படி வரும் நிமோனியாதான்.

எல்லோருக்கும் சோறு, சாம்பார், பொரியல் மூன்றையும் மிக்ஸியில் ஒன்றாக அடித்து ஒரே கலர் கூழாகக் கொடுக்கும் இடமும் உண்டு. வேலை சுலபம். ஆனால் வாசனையும் ருசியும் அடையாளம் தெரியாமல் போனதும் வாயைத் திறக்க மறுப்பார்கள், 'சாப்பிட மாட்டேங்கறாங்க' என்று ரிப்போர்ட் வரும். தனித்தனியாக மசித்தால் போதும்.

பல ஹோம்களில் சுத்த சைவம். சௌகார்பேட்டைக் குடும்பத்துக்கு அது வசதி. காசிமேட்டில் நாற்பது வருஷம் மீன் கூடை தூக்கிய ஆயாவுக்கு மூன்று வேளையும் சாம்பார் என்றால் ஒரு மாதத்தில் துணி தொளதொளவென்று ஆகிவிடும். 'வெளிலேர்ந்து கொண்டாந்து குடுக்கலாமா?' என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதித்தால் முள் அதிகமுள்ள மீன் வேண்டாம், வஞ்சிரத்தை முள் எடுத்து, குழம்பில் ஊறவைத்து, சோற்றோடு பிசைந்து கொண்டுபோங்கள்.

கட்டுவதும் மயக்குவதும்

'கட்டிப் போடுவீங்களா?' என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்கள். 'கட்டித்தான் ஆகணும்னு நிலைமை வந்தா யார்கிட்ட கேப்பீங்க, எதுல எழுதுவீங்க, எங்களுக்கு எப்ப சொல்வீங்க?' என்று கேளுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 இதில் தெளிவாக இருக்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பிலுள்ள மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மட்டும், குறிப்பேட்டில் எழுதித்தான் கட்ட முடியும். நோயாளி சார்பில் பேசும் நியமனப் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். ஆள் பற்றாக்குறையைக் காரணமாகக் காட்டக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. நாற்காலியோடு சேர்த்துச் சுற்றிய துப்பட்டாவும் கட்டுதான்.

நினைவாற்றல், தீர்மானிக்கும் திறன் இரண்டும் கடுமையாகக் குலைவதும் இந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வருகிறது. அதனால் இப்படிப்பட்டவர்களைத் தங்கவைக்கும் இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சான்றிதழைக் கேளுங்கள், அதில் உள்ள முகவரி நீங்கள் நிற்கும் கட்டடத்தின் முகவரிதானா, தேதி முடியவில்லையா என்று பாருங்கள். ஒரு கிளைக்கு வாங்கிய பதிவை மூன்று கிளைக்கும் மாட்டி வைத்திருப்பார்கள்.

மாத்திரைதான் கண்ணுக்குத் தெரியாத கயிறு. க்வெடியாபின், ரிஸ்பெரிடோன் போன்ற மனநோய் மாத்திரைகள் சிலருக்குச் சிறிய அளவில் தேவைப்படலாம். ஆனால் டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இவ்வகை மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005லேயே எச்சரித்தது. ஹோமில் சேர்ந்து இரண்டு வாரத்தில் உங்கள் ஆள் 'ரொம்ப அமைதியா' ஆகிவிட்டால் சந்தோஷப்படாதீர்கள். வாயில் எச்சில் வழிகிறதா, காலை இழுத்து நடக்கிறாரா, பதினொரு மணிக்கும் தூக்கமா என்று பாருங்கள். மருந்துச் சார்ட்டை போனில் படம் எடுத்து, எழுதிக்கொடுத்த டாக்டருக்கு அனுப்புங்கள். புதிய மருந்து எதுவானாலும் முதலில் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று சேர்க்கும்போதே எழுதி வாங்குங்கள்.

காசு

மாதக் கட்டணம் என்று சொல்வது பாதிதான். டயாப்பர், பிசியோ, ஆம்புலன்ஸ், டாக்டர் விசிட், 'ஸ்பெஷல் அட்டெண்டர்' எல்லாம் தனி. டயாப்பரை மட்டும் பாருங்கள்: நாளுக்கு 4, மாதம் 120, ஒன்று 40 ரூபாய் என்று வைத்தால் 4,800. நீங்களே மொத்தமாக வாங்கிக் கொடுக்கலாமா என்று கேளுங்கள், விட மாட்டேன் என்றால் அதில் லாபம் வைக்கிறார்கள். வாங்கிக் கொடுத்தால் பாக்கெட்டில் பெயர் எழுதுங்கள். டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும், ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களுக்கு முழுக் கட்டணமா, வருஷத்துக்கு எவ்வளவு சதவீதம் ஏற்றுவார்கள் இந்த மூன்றும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமானாலும் 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான ஆயுஷ்மான் அட்டையானாலும் ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்குத்தான், ஹோம் வாடகைக்கு வராது.

பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. அப்பா பெயரில் இருக்கும் பென்ஷன் கணக்கை நம்பித்தான் ஹோமே. 'பவர் எழுதி வாங்கிட்டோம், கவலையில்ல' என்பார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 201 படி எழுதிக் கொடுத்தவரின் மனநிலை சிதைந்தால் அந்தப் பவர் செல்லாது. அப்புறம் காப்பாளர் நியமனம் கேட்டு நீதிமன்றப் படி ஏற வேண்டும். அவர் புரிந்து கையெழுத்துப் போடும் ஆரம்பக் கட்டத்திலேயே கணக்கை இருவரில் யாரும் எடுக்கலாம் என்ற கூட்டுக் கணக்காக யார் பெயரைச் சேர்த்து மாற்ற முடியும் என்று பாங்கில் கேட்டு மாற்றிவிடுங்கள். பென்ஷனுக்கு வருஷா வருஷம் கொடுக்கும் வாழ்வுச் சான்றுக்கு ரேகை தேய்ந்திருந்தால் ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டியே எடுக்கலாம்; ஹோமிலேயே போனில் முடியும். ஒரிஜினல் ஆதார், பாஸ்புக், நகை எதையும் ஹோமில் வைக்காதீர்கள்.

கொண்டுபோய் விடும் நாள்

காலை டிபனுக்குப் பிறகு பத்து மணிவாக்கில் கூட்டிப் போங்கள், சாயங்காலம் மட்டும் வேண்டாம். புதுத் துணி, புதுப் போர்வை வேண்டாம். பழைய தலையணை உறையோடு, தினமும் டீ குடித்த எவர்சில்வர் டம்ளர், தேய்ந்த செருப்பு. போட்டோ கொண்டுபோனால் இப்போதைய பேரன் பேத்தி படம் அவருக்குப் பிடிபடாது, முப்பது வயதில் எடுத்த கல்யாணப் படம் கொண்டுபோங்கள். பல்செட், கண்ணாடி, காது மெஷின் மூன்றிலும் அழியாத மையில் பெயர். பல்செட் மாறிப் போவது ஹோம்களில் சர்வ சாதாரணம், அடுத்தவர் செட்டைப் போட்டு ஈறு புண்ணாகி ஒரு வாரம் சாப்பிடாமல் கிடப்பார்கள், காரணம் யாருக்கும் தெரியாது.

கூடவே ஒரே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். வீட்டில் அவரை எப்படிக் கூப்பிடுவார்கள்: நைனாவா, அப்பாவா, பெரியவரா. என்ன வேலை பார்த்தார், எத்தனை மணிக்கு எழுந்தார், எதற்குப் பயப்படுவார், கோபம் வந்தால் எது சொன்னால் தணியும். ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர் விடியற்காலை நாலரைக்கு எழுந்து டிபன் பாக்ஸைத் தேடுவார். அட்டெண்டருக்கு அது தெரியாவிட்டால் 'ராத்திரில அலையறார்' என்று எழுதி மாத்திரை கேட்பார். தெரிந்தால் 'நைனா, இன்னிக்கு ஷாப் லீவு' என்று ஒரு டீயைக் கையில் கொடுப்பார். பின்னி மில்லில் இருந்தவர் மில் மூடி இத்தனை வருஷம் கழித்தும் சங்கு ஊதவில்லையே என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். 'மில்லு 1996லயே மூடிட்டாங்க' என்று திருத்துவதில் பயன் இல்லை. அவருக்கு ஒவ்வொரு முறையும் அது புதுச் செய்தி, ஒவ்வொரு முறையும் புதிதாக வேலை போகும்.

முதல் பதினைந்து நாள் வரவே வேண்டாம் என்று சில ஹோம்களில் சொல்வார்கள். 'செட்டில் ஆகட்டும்' என்பார்கள். என் அபிப்பிராயத்தில் இதற்கு ஒத்துக்கொள்ளக் கூடாது. கண்ணில் படாமல் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வரவாவது உரிமை வேண்டும். முதல் நாள் எடையைப் போட்டு நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள். 50 கிலோ ஆள் ஒரே மாதத்தில் இரண்டரை கிலோ இறங்கினால் டாக்டரைப் பார்க்க வேண்டிய அளவு. மோசமாக நடத்துகிறார்கள் என்று தெரிந்து நிர்வாகமும் கேட்கவில்லை என்றால் முதியோர் உதவி எண் 14567.

ஒவ்வொரு தடவை போகும்போதும் பேசிக்கொண்டே ஒரு சாக்கில் போர்வையை விலக்கிக் குதிகாலையும் வால் எலும்புப் பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். சிவப்பு இருந்து, விரலால் அழுத்தினால் வெளுக்கவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது. நம் நிறத்தில் சிவப்பு பல சமயம் தெரியாது. புறங்கையை வைத்துப் பாருங்கள், சுற்றுப்புறத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். அந்த இடத்தைத் தேய்க்க வேண்டாம், பவுடரும் வேண்டாம். நர்ஸிடம் அப்போதே சொல்லி எழுதவையுங்கள். 'இன்னிக்கு நர்ஸ் லீவு, நாளைக்குப் பாக்கறோம்' என்றால், கிளம்புவதற்கு முன்னால் ஒரு தலையணையைக் கெண்டைக்காலுக்கு அடியில் நீளவாக்கில் வைத்து, குதிகால் இரண்டும் மெத்தையில் படாமல் நிற்கும்படி செய்துவிட்டு வாருங்கள்.